தட்டிப் பார்த்த செங்கல்

பத்து மணிக்கே தண்ணீர் வரிசை பள்ளிக்கூட வேலியைத் தாண்டித் திரும்பியிருந்தது. பாலகுருசாமி மண் அள்ளும் தள்ளுவண்டியில் இரண்டு கேன்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கடைசி ஆளாக நின்றார், நின்றதும் முன்னால் இருந்த தலைகளை எண்ணினார், முப்பத்து நாலு, தலைக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் பதினொன்றுக்கு மேல் ஆகிவிடும், ஆகட்டும். பதினொரு மணிக்கு வீட்டைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. தமயந்தி காலையில் காபியை நீட்டும்போது அதை ஞாபகப்படுத்தி, "நீங்க இருந்தா நல்லா இருக்கும், நான் என்னத்தச் சொல்ல, நீங்கதானே இன்ஜினியர்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் எந்த அழுத்தமும் இல்லாமல்தான் சொன்னாள். அழுத்தம் இல்லாததுதான் அவரை உறுத்தியது. இருபத்தாறு வருஷமாக அவள் அந்த வார்த்தையைச் சொன்னால் ஒன்று பெருமை இருக்கும், இல்லையென்றால் குத்தல் இருக்கும், இன்றைக்கு இரண்டும் இல்லை, தட்டைக் கழுவி வைப்பதுபோல வைத்துவிட்டுப் போனாள். இல்லை, அவள் எப்போதும்போலத்தான் சொன்னாள், நாம்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். நேற்று பிடித்ததே ஒரு கேன் மிச்சம் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், சமையலறையில் அவள் காலுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கேன் இருந்தது, இருந்தும் சொல்லவில்லை.

முன்னால் நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரால் தாங்க முடியாதது இதுதான். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி நண்பகலில் கிறைஸ்ட்சர்ச் நகரம் அரை நிமிஷத்துக்குள் பாதியாகி மூன்று வாரம் ஆகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்த தெருக்களிலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்கிறார்கள், தெரு முனையில் கழிப்பறைப் பெட்டிகள் சவப்பெட்டிகளை நிமிர்த்தி வைத்ததுபோல நிற்கின்றன, நகரத்தின் நடுவில் ராணுவம் வேலி போட்டிருக்கிறது, வேலிக்குள் அவருடைய அலுவலகம் இருக்கிறது, அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவருடைய மேஜையின் கீழ் இழுப்பறையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறது, டப்பாவில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் எலுமிச்சைச் சோறு இருக்கிறது. அது இப்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறார். இவர்களோ தேர் பார்க்க வந்தவர்களைப்போலச் சிரிக்கிறார்கள். இவர்களுக்கு எல்லாமே ஒரு முகாம், ஒரு சுற்றுலா. பூமி பிளந்து சாம்பல் நிற மணலைக் கக்கினால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே அள்ளுவார்கள், அள்ளி முடித்ததும் யாராவது ஒருத்தி கேக் சுட்டுக்கொண்டு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெவர்லியும் வரிசையில்தான் இருந்தாள், ஏழெட்டுப் பேருக்கு முன்னால், எழுபது வயசுக்கு உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டு. திரும்பிப் பார்த்து, "உன் மகள் நன்றாகத் தூங்குகிறாளா, பாலா?" என்று கையை ஆட்டினாள். தூங்குகிறாள் என்று இவரும் கையை ஆட்டினார். கயல் தூங்குவதில்லை. கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், பதினாறு வயசுப் பெண், செருப்பைக் காலிலேயே மாட்டிக்கொண்டு. பெவர்லிக்கு அதெல்லாம் எதற்கு. பெவர்லி நல்லவள். நல்லவர்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. அதிலும் சொன்னதைச் செய்துவிட்டு நல்லவர்களாக இருப்பவர்களைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும். போன அக்டோபரில் அவள் வீட்டுக் கூரைமேல் மூன்று ஆட்கள் கயிறு கட்டி ஏறி, புகைபோக்கியைச் செங்கல் செங்கலாகப் பிரித்து இறக்கினார்கள். செப்டம்பரில் ஒரு நிலநடுக்கம் வந்து போயிருந்தது, விடியற்காலையில், ஒரு உயிர்கூடப் போகவில்லை, அதற்கே இந்த ஆர்ப்பாட்டம். பாலகுருசாமி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். "அறுபது வருஷம் நின்றதை ஒரு காகிதத்தைப் பார்த்து இறக்குகிறாயே" என்று சிரித்தார். "காகிதம் எழுதியவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும், பாலா" என்றாள் அவள். தெரிந்திருக்கும்! அந்தச் செங்கற்களைக் கொண்டுபோய் ரோஜாச் செடிகளைச் சுற்றி வரப்புப்போல அடுக்கினாள். இவ்வளவு பெரிய ஆட்டத்துக்குப் பிறகும் அந்த வரப்பில் ஒரு கல் நகரவில்லை. தினமும் காலையில் பார்க்கிறார்.

அதே காகிதம் அவருக்கும் வந்தது. அதே வாரம், அதே கையெழுத்து. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவன் வந்து, ஏணிகூட வைக்காமல், தோட்டத்தில் நின்று தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான், பத்து நாளில் கடிதம். இரண்டே பத்தி. முதல் பத்தியில் புகைபோக்கியைக் கூரை மட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும் என்று இருந்தது. இரண்டாவது பத்தியில், இறக்கும்வரை அதை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று இருந்தது. ஒட்டிய அறை கயலுடையது. கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார், மூன்று தடவையும் அவருக்குக் கடிதம் தெரியவில்லை, ஏணி வைக்காமல் நின்ற அந்த ஆளின் சுத்தமான பூட்ஸ்தான் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாகக் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிறவனுக்கு இவன் சொல்ல வந்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமயந்தியும் கயலும் கடைக்குப் போயிருந்தபோது ஏணியை வைத்து ஏறினார். அங்கே ஏறி அவர் என்ன செய்தார்? இதைத்தான் அவரால் யாரிடமும் சொல்ல முடியாது, தனக்கே சொல்லிக்கொள்ளும்போதும் வேறு யாரோ செய்ததுபோலத்தான் சொல்லிக்கொள்கிறார். விரல் முட்டியால் தட்டினார். மேலிருந்து கீழாக, நாலு பக்கமும், ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அப்பா அப்படித்தான் தட்டுவார். சாத்தூரில் சங்கிலிக் கொத்தனார் என்றால் தெரியாதவர்கள் இல்லை, அடுத்தவன் கட்டிய சுவரைத் தாண்டிப் போகும்போது தட்டிப் பார்த்துவிட்டு அதன்மேலேயே வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போகிற மனுஷன். நல்ல செங்கல் வெண்கலமாப் பேசும்டா, கெட்டது மண்பானையா முனகும் என்பார். வாழ்நாளெல்லாம் பாலகுருசாமி அந்த முட்டியைப் பார்த்துச் சிரித்தவர்தான். கல்லூரியில் படிக்கும்போது லீவில் வந்து, இதுக்கெல்லாம் சூத்திரம் இருக்குப்பா என்று சொல்லி அப்பாவின் முகத்தைச் சுருங்க வைத்தவர்தான். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை சூத்திரத்தையெல்லாம் கீழேயே விட்டுவிட்டு, நிலநடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாமல் செத்துப்போன ஒரு மனுஷனின் முட்டியைக் கடன் வாங்கிக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்தார். கணக்குப் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விடை வந்திருக்கும். விடை என்னவாக வரும் என்று தெரிந்ததால்தான் போடவில்லையோ? அப்படியும் இல்லை. அந்தக் கண்ணாடிக்காரன் சொல்வது சரியாக இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒரு ஆழமும் கிடையாது. செங்கல் வெண்கலமாகப் பேசியது. இறங்கி வந்து கடிதத்தை நாலாக மடித்தார். கிழிக்கவில்லை, ஆபீஸ் காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி, பின்னட்டைக்கும் படத்துக்கும் நடுவில் செருகி, மறுபடி மாட்டினார். ரொம்ப சாமர்த்தியமான வேலை செய்ததுபோலச் சிரித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, வந்து நேரமாச்சா?" அருமைநாயகம். பின்னால் மூன்று பேரைத் தாண்டி நின்றவன் அவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்து முன்னால் வந்துவிட்டான். நாகர்கோவில்காரன், தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், நிலநடுக்கம் வந்த நாலாம் நாளே புளியோதரைப் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் பொட்டலத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டவன். பாலகுருசாமி வீட்டிலும் எடுத்தான், இடிந்த கூரையும் விழ வேண்டும் என்று ரெண்டு அடி பின்னால் போய். "நம்ம வீட்டுக்கு நேத்தே ஆளு வந்தாவ அண்ணே. ஒரு பொம்பள. தங்கமான மனுஷி. டிவி போன தீபாவளிக்கே போச்சு, பூகம்பத்துல போச்சுன்னு எழுதிட்டேன்லா, ஒரு கேள்வி கேக்கலியே." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இவனோடு ஒரே மொழி பேசுகிறோமே என்று பாலகுருசாமிக்குக் கூச்சமாக வந்தது. "உங்களுக்கு இன்னைக்கா? அந்தச் சிம்னி லெட்டரக் கேப்பாவ அண்ணே, பாத்துக்கிடுங்க. வந்துதா, வந்துதான்னு அது ஒண்ணுதான் தோண்டித் தோண்டிக் கேக்கா. வந்துதுன்னு சொன்னியளோ, தெரிஞ்சே விட்டீங்கன்னு கையை விரிச்சிருவாவளாம். நான் வரவே இல்லன்னுட்டேன். தபால்காரன் என்ன, வந்து சண்டைக்கா நிக்கப் போறான்?"

"எனக்கு வரலை" என்றார் பாலகுருசாமி.

"பின்ன என்ன, கவலையே இல்ல. மைனிகிட்டயும் சொல்லி வச்சிருங்க. பொம்பளையளு பதறிருவாளுவ."

எனக்கு வரலை. எவ்வளவு லேசாக வந்தது. ஒத்திகை பார்த்த மாதிரி. டிவிப் பொய் சொன்னவனைப் பார்த்து மூக்கைச் சுளித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. அப்போது கேன்கள் வண்டிக்குள் ஒன்றோடொன்று உரசின. முதலில் அந்தச் சத்தம், பிறகு உள்ளங்கால், பிறகு வேலிக் கம்பி முழுக்க ஒரு ஓட்டம். வரிசை அப்படியே நின்றது, யாரோ ஒருத்தியின் குழந்தை அழுதது, நாலு விநாடி, அடங்கிவிட்டது. அடங்கியதும் ஆரம்பித்துவிட்டார்கள். "நாலு புள்ளி எட்டு!" "ஐந்து!" "இல்லை, நாலரை." நாள் முழுக்க வரும் பின்னதிர்வுகளுக்கு ரிக்டர் எண் சொல்வது இந்த ஊரின் புதுப் பழக்கம், சொல்லிவிட்டு உடனே போனில் பார்ப்பார்கள். மூணு புள்ளி ஒன்பது என்று பாலகுருசாமி மனசுக்குள் சொன்னார். "மூணு புள்ளி ஒன்பது!" என்று போனைப் பார்த்து ஒருவன் கத்தினான், எல்லோரும் ஏமாந்ததுபோலச் சிரித்தார்கள். அவருக்கு ஒரு விநாடி நெஞ்சு நிமிர்ந்தது, உடனே கேன்களைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். வீட்டிலும் இதே விளையாட்டு. ராத்திரிக்குள் யாருடைய எண் அதிகம் தப்பாகிறதோ அவர்கள் கழிவறைப் பக்கெட்டைக் கொண்டுபோய்த் தெருத் தொட்டியில் கொட்ட வேண்டும். கயல்தான் ஆரம்பித்தாள், அம்மாவைச் சிரிக்க வைக்க. மூன்று வாரத்தில் அவர் ஒரே ஒரு நாள்தான் பக்கெட்டைத் தூக்கியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் அவர்கள் இரண்டு பேரும். இதில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாளாவது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லத் தோன்றவில்லையே. பூமி எத்தனை புள்ளி ஆடுகிறது என்று துல்லியமாகச் சொல்கிறவன். போன வாரத்திலிருந்து தமயந்தி எண் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதிர்வு வந்தால் அடுப்பை அணைக்கிறாள், அடங்கினால் பற்ற வைக்கிறாள். பக்கெட்டை மட்டும் கேட்காமலே தூக்கிக்கொண்டு போகிறாள்.

நிலநடுக்கம் வந்த அன்றைக்கு ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம் என்று பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்தார்கள். கயல் வந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாள். தமயந்தி மூன்று தடவை கூப்பிட்டாளாம். கயல், சாப்பிட வா. மூன்றாவது தடவை கதவுக்கே வந்து கத்தியதும் முறைத்துக்கொண்டு எழுந்து வந்து ரசத்தை ஊற்றினாளாம். தட்டில் கை வைக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பத்தொன்று. அவர் நகரத்தின் நடுவிலிருந்து இரண்டு மணி நேரம் தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து வந்து பார்த்தபோது கட்டில் இருந்த இடத்தில் ஒரு செங்கல் குவியல் இருந்தது. தலையணையின் ஒரு முனை வெளியே தெரிந்தது. முருகன்தான் காப்பாத்தினான் என்று தமயந்தி ஊருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுடைய அண்ணன் சிவகாசியிலிருந்து கத்துவது ரிசீவரைத் தாண்டிக் கேட்டது, "மாப்ள இன்ஜினியரு, வீட்டைக் கெட்டியாத்தான் பாத்து வாங்கியிருப்பாரு, பாதிக் கூரையோட போச்சு பாரு." முருகனாம். ரசத்துக்குக் கூப்பிட்ட முருகன். அவளைப் பார்த்து எரிச்சல் பட்டது ஞாபகம் இருக்கிறது, அந்த நேரத்திலும். அவள் கூப்பிட்டதால் கயல் பிழைத்தாள் என்று நினைக்காமல், அவளுடைய சாமியைப் பார்த்துச் சிரிக்க ஒரு இடம் கிடைத்ததே என்று இருந்தது. அன்றிலிருந்து கயல் முதல் கூப்பாட்டுக்கே எழுந்து ஓடி வருகிறாள், அந்தக் குரலுக்குப் பின்னாலேயே கூரை விழுந்துகொண்டிருப்பதுபோல. செங்கல்லையெல்லாம் அவரே அள்ளினார், மண்வெட்டியோடு தெருத் தெருவாக வந்த கல்லூரிப் பிள்ளைகள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று விரட்டிவிட்டார். ஒரு கல்லை எடுத்துத் தட்டிக்கூடப் பார்த்தார். அப்போதும் வெண்கலம்தான். கல் நல்ல கல்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சுண்ணாம்பு மாவாக உதிர்ந்து கையில் ஒட்டியது. தட்டினால் கல்தான் பேசும். நடுவில் இருப்பது பேசாது.

அப்பாவின் படமும் அன்று விழுந்தது. கண்ணாடி உடைந்துபோயிற்று. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அது கண்ணாடி இல்லாமல் மறுபடியும் ஆணியில் தொங்கியது, தமயந்தி மாட்டியிருக்கிறாள், அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. போகாததற்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டார், கூடத்தில் மெத்தை கிடக்கிறது, நடக்க இடமில்லை என்று. இன்றைக்குக் காலையில் காபியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது படம் லேசாகச் சாய்ந்து, பின்பக்கம் ஒரு விரற்கடை தெரிந்தது. பழுப்பு நாடா. பார்சலுக்கு ஒட்டுகிற அகலமான பழுப்பு நாடா. அப்போது அதைப் பார்த்தோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, இப்போது, பதினாலு பேருக்குப் பின்னால், தள்ளுவண்டியின் பிடியில் கை வைத்து நிற்கும்போது, அந்த நாடா வந்து முன்னால் நிற்கிறது. அவர் செருகியபோது நாடா ஒட்டவில்லை. நாலு சின்னத் தகட்டைத்தான் மடக்கிவிட்டார். ஆகையால் யாரோ பின்னட்டையை முழுசாகக் கழற்றியிருக்கிறார்கள். உடைந்த கண்ணாடியை எடுக்க வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால் கடிதம் விழும். விழுந்தால் எடுப்பார்கள். எடுத்தால் பிரிப்பார்கள். கயல் எடுத்திருந்தால்? இல்லை, கயல் என்றால் அன்றைக்கே வீடு இரண்டு பட்டிருக்கும். தமயந்தி. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள், மருந்துச் சீட்டில் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள், படிக்காமலா இருப்பாள்? படித்துவிட்டு நாடாவை ஒட்டி, படத்தை ஆணியில் மாட்டி, பொட்டும் வைத்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். பதினேழு நாள். பதினேழு நாளும் அவளுடைய முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, அருமைநாயகத்தைத் திட்டினார், அரசாங்கத்தைத் திட்டினார், ஏணி வைக்காத கண்ணாடிக்காரனைக்கூட ஒரு நாள் திட்டினார், "இவனுகளுக்கெல்லாம் யாரு சர்ட்டிபிகேட் கொடுத்தா" என்று, அவள் அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே "உம்" என்றாள். அந்த உம். அல்லது கடிதம் சுருண்டு கண்ணாடித் தூளோடு குப்பைக்குப் போயிருக்கலாம். போயிருக்கலாம். போயிருந்தால் எனக்கு வரலை என்பது பொய்யே இல்லை, இப்போது என்னிடம் இல்லை என்பதும் வரலை என்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. எப்படிப்பட்ட மூளை. இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் ஊரில் இருக்கிற எல்லோரையும் தட்டிப் பார்த்துத் துப்பிக்கொண்டு திரிகிறோம்.

பத்தே முக்கால். அவருக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர். இங்கேயே நின்றால் தண்ணீரும் கிடைக்கும், பதினொன்றும் தாண்டிவிடும், அந்தப் பெண் வந்து கேட்பாள், தமயந்தி ஏதோ ஒன்று சொல்வாள். வந்தது என்பாள், அல்லது வரவில்லை என்பாள். வந்தது என்றால் அவர் போய்ச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம். வரவில்லை என்றால் அவள் வாயால் ஒரு பொய், அவருக்காக, அப்பாவின் படத்துக்குக் கீழே நின்று. இரண்டுமே அவள் சொல்வதுதான். இரண்டிலும் அவர் தண்ணீர் வரிசையில் நிற்கிறார். திடீரென்று வண்டியைத் திருப்பினார், கேன்கள் உருண்டன. "பாலா, தண்ணீர்?" என்றாள் பெவர்லி, தண்ணீர் லாரியின் குழாய்க்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தாள். "ஒரு கேனை என்னிடம் கொடு, நான் நிரப்பிக்கொண்டு வருகிறேன்." வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து, கேனைக் கொடுத்தார். நடந்தார். வண்டிச் சக்கரம் சாம்பல் மணலில் இழுத்தது. சொல்லத்தான் போகிறோமா, அவளைச் சொல்ல விடாமல் தடுக்கப் போகிறோமா என்று தெரு திரும்பும்வரை தன்னைக் கேட்டுக்கொண்டார். தெரு திரும்பியபோது வாசலில் வெள்ளைக் கார் நின்றது. சீக்கிரமே வந்துவிட்டிருக்கிறாள். நேரத்துக்கு முன்னால் வருகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது.

ஆரஞ்சுச் சட்டை போட்ட நாற்பத்தைந்து வயசுப் பெண் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கூரையின் ஓட்டையில் கட்டிய நீலத் தார்ப்பாய் காற்றில் உப்பி அடங்கும் சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. தமயந்தி அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டி நின்றாள், கயலுக்கு மத்தியானப் பள்ளிக்கூடம், பதினொன்றரைக்குச் சாப்பாடு வேண்டும். கயல் கூடத்தில் மெத்தையை மடித்துக்கொண்டிருந்தாள். வணக்கம் சொல்லி, வானிலையைச் சொல்லி, தேநீர் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் காகிதத்தைப் புரட்டினாள். "ஒரே ஒரு விஷயம். அக்டோபரில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். புகைபோக்கியை இறக்கச் சொல்லி. உங்களுக்குக் கிடைத்ததா?" கேள்வி பொதுவாக இருந்தது, இரண்டு பேரில் யாரும் பதில் சொல்லலாம். தமயந்தி கரண்டியை வைத்தாள். திரும்பவில்லை. எனக்கு வரலை என்பது அவர் நாக்கின் நுனியில் வழுவழுவென்று தயாராக இருந்தது.

"கிடைத்தது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "படித்தேன். நான் கட்டடப் பொறியாளர். நானே மேலே ஏறிப் பரிசோதித்தேன். நிற்கும் என்று முடிவு செய்தேன். என் முடிவு தவறு." சொல்லும்போதே அந்தக் கடைசி வாக்கியத்தின் கம்பீரம் அவருக்குக் கேட்டது. ஏதோ ஒன்று விழப்போகிறது என்று காத்திருந்தார்.

அந்தப் பெண் காகிதத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டாள். "சரி. கவலைப்படாதீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்று கனிவாகச் சொன்னாள். நிறையப் பேர். "கடிதம் கையில் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்வேன்."

தமயந்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். அஞ்சறைப் பெட்டியைத் தூக்கி, அதற்கடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஒரு மூலையில் மஞ்சள் ஏறியிருந்தது. அந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிவை எழுதி அனுப்புவார்கள் என்று சொல்லி, தேநீருக்கு மறுபடி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னைக்கே பார்த்துட்டியா?"

"கண்ணாடி எடுக்கும்போது விழுந்துச்சு." அவள் தாளிக்க எண்ணெய் ஊற்றினாள். "இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தினமும் ஒவ்வொருத்தனா திட்டி முடிச்சுட்டு இருந்தீங்க. எல்லாரும் முடிஞ்சா கடைசியா அதுக்கு வருவீங்கன்னு நினைச்சேன்."

"இப்பச் சொல்லிட்டேனே தமயந்தி."

"எங்கிட்டயா சொன்னீங்க? அந்தம்மாகிட்ட. அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை உங்களுக்கு."

கடுகு வெடித்தது. சமையலறை வாசற்படியில் கயல் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தாள். இரண்டாவது பத்திக்கு வந்ததும் கண் நின்றது, அங்கேயே நின்றது.

"பரிசோதிச்சேன்னு சொன்னீங்களே. எப்படிப்பா?"

"தட்டிப் பார்த்தேன்."

"தட்டினா?"

"நல்லா கேட்டுச்சு."

அவள் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. காகிதத்தை அதே மடிப்பில் மடித்து அஞ்சறைப் பெட்டிக்கடியில் வைத்தாள். உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையில் எதையோ எடுத்து வைத்தாள். அவர் கூடத்தில் அப்பாவின் படத்துக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். கத்துகிறவர்களுக்குச் சொல்ல அவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அடுப்பு அணையும் சத்தம். தார்ப்பாய் படபடத்தது, படம் ஆணியில் ஒரு ஆட்டம் ஆடியது, மூன்று விநாடி, ஐந்து, நின்றது. நாலு புள்ளி ஒன்று என்று அவர் வாய் வரைக்கும் வந்தது. கயல் எண் சொல்லவில்லை. அடுப்பு மறுபடி பற்றியது.

"கயல், சாப்பிட வா."

முதல் கூப்பாட்டிலேயே ஓடும் காலடி. நாற்காலி இழுபடுகிறது, தட்டு வைக்கும் சத்தம். அதற்குப் பிறகு எப்போதும் இன்னொன்று வரும். நீங்களும் வாங்க. இருபத்தாறு வருஷத்தில் சண்டை போட்ட நாளிலும் அது வந்திருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது வந்திருக்கிறது, அது வரும்வரை அவர் எழுந்ததே இல்லை, பசித்தாலும் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போதும் உட்கார்ந்திருந்தார். சோறு விழும் சத்தம் கேட்டது. ரசம் ஊற்றும் சத்தம் கேட்டது. கயல் ஏதோ கேட்டாள், தமயந்தி ஏதோ சொன்னாள். வாசலில் பெவர்லி கேனை வைத்துவிட்டு, மணி அடிக்காமலே போகும் காலடி கேட்டது. வந்துவிடும், இதோ, அப்பளத்தை வைத்துவிட்டுக் கூப்பிடுவாள், தண்ணீரை வைத்துவிட்டுக் கூப்பிடுவாள் என்று ஒவ்வொரு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். அப்பளம் நொறுங்கியது. தண்ணீர் ஊற்றியாயிற்று. பிறகு சாப்பிடும் சத்தம் மட்டும் இருந்தது.

கடைசியில் அவர் எழுந்தார். சமையலறைக்குப் போய், அடுக்கில் தன் தட்டு எது என்று ஒரு கணம் தெரியாமல் நின்று, கையில் வந்த தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரசச் சட்டி கயலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாரும் நகர்த்தவில்லை. அவர் கையை நீட்டினார்.